நூற்றுக்கு நூறு வந்த குழாய்

பிரியாணியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஒரு பெரிய தேக்சா நிறைய பிரியாணி, வேனில் வந்தது. தேக்சா ஆடாமல் பிடித்துக்கொள்ள நான்கு பேர். கத்திரிக்காய்த் தொக்கு வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஐந்தாவது ஆள். பள்ளிகொண்டா தாண்டியதும் வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் தொக்கு அவர் சட்டை முழுக்க. அந்தச் சட்டையோடேயே வந்து எனக்குக் கை கொடுத்தார். அந்தப் பிரியாணி வந்ததற்குக் காரணம் நான். அன்றைக்கு அது வந்திருக்கவே கூடாது, அதற்கும் காரணம் நான்.

நம் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். இயந்திரங்களைப் பற்றி எழுத மாட்டேன். நான் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போன பிறகு வந்து இறங்கிய இயந்திரங்களில் எந்தப் பொத்தானை அமுக்கினால் எது திறக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. போன மாதம் பார்க்க வந்தபோது, நோயாளியின் சொந்தச் செல்லையே எடுத்து, அதிலிருக்கும் பிழையைத் திருத்தி, அவருக்கே திரும்பக் கொடுக்கும் ஆராய்ச்சியைப் பற்றி நீங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினீர்கள். எனக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதிக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டு வந்தேன். வழி முழுக்க ஆட்டோவில் ஒரே சந்தோஷம். பிழையையே திருத்துகிறார்களாமே! ஆட்டோக்காரரிடம் சொன்னேன். அவர் மீட்டரைத் திருத்துவதைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் செய்த ஒரு தப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்த ஒருவரின் ரத்தத்தில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு செல் கொடுத்தவருடையது என்று டி.என்.ஏ.வைப் பார்த்துச் சொல்வதுதான் அப்போதும் இப்போதும் நம் வேலை. கொடுத்தவரின் பங்கு அதிகமாக இருந்தால் செல்கள் வேர் பிடித்துவிட்டன என்று பொருள். குறைந்துகொண்டே போனால் உடம்பு அவற்றை வெளியே தள்ளுகிறது. ஒரு தாளில் ஒரே ஒரு எண். அந்த எண்ணுக்காக ஒரு குடும்பமே சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. நல்ல எண் வந்தால் கணினியில் ஏற்றியதோடு நிற்க மாட்டேன். ஒரு பிரதி எடுத்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் நான்கு மாடி படியேறி வார்டுக்கே போய்விடுவேன். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அம்மா அப்பாவுக்குச் சொல்லிவிடுவேன். அவர்கள் அழுவார்கள், என் கையைப் பிடித்துக்கொள்வார்கள், நர்ஸ்கள் கை தட்டுவார்கள். கெட்ட எண் வந்தால்? கணினியில் ஏற்றிவிட்டுக் கான்டீனுக்குப் போய்விடுவேன். கெட்ட செய்தி சொல்வது டாக்டரின் வேலையல்லவா! இருபது வருடத்துக்கு மேல் இப்படித்தான் இருந்தேன். இதில் தப்பு இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ரேஷ்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. தலசீமியா. அவள் உடம்பு செய்கிற சிவப்பணுக்கள் உருப்படியாக வெளியே வருவதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவரின் ரத்தம் ஏற வேண்டும். அப்பா நஸீர் பாய் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசர். அம்மா ஷமீம். அண்ணன் இர்ஃபானுக்குப் பதினாறு வயது, வயதுக்கு மீறிய உயரம், ஓயாத வாய். அவனுடைய செல்கள்தான் ரேஷ்மாவுக்குப் பொருந்தின. கொடுத்த நாளிலிருந்து அவன் அடித்த கூத்து கொஞ்சமல்ல.

"இனிமே உன் உடம்புல ஓடுறது என் ரத்தம். நான் சொல்றததான் கேக்கணும், புரியுதா?"

"அப்போ இனிமே எனக்கும் கணக்கு வராதா?" என்றாள் ரேஷ்மா.

வார்டே சிரித்தது. தலையில் ஒரு முடி இல்லை, முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கண்களிலேயே அவ்வளவு திமிர்.

ஒரு மாதம் கழித்து முதல் பரிசோதனை. மார்பில் வைத்திருந்த குழாயைக் கிருமித் தொற்று என்று முந்தின வாரம்தான் எடுத்திருந்தார்கள். அதனால் கையில் ஊசி போட்டுத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். நம்மிடமிருந்த இர்ஃபானின் மாதிரி தீர்ந்துபோயிருந்ததால் அவனிடமும் ஒரு குழாய் எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தேன். இருவரும் ஒன்றாக வந்தார்கள். ரத்தம் எடுக்கும் ஜெயா டீ குடிக்கப் போயிருந்தாள். நான் வேலையில் சேர்ந்ததே ரத்தம் எடுக்கிறவனாகத்தான். என் கைக்கு வலிக்காது என்று எனக்கு ஒரு பெருமை. "வா ராஜாத்தி, நானே எடுக்கிறேன்" என்று உட்கார்ந்தேன்.

லேபிள்கள் ஒரே பட்டையாக அச்சாகி வந்தன. மேலே ரேஷ்மா, கீழே இர்ஃபான்.

ரேஷ்மா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "அண்ணனுக்கு மொதல்ல."

"அட, அவன் பெரிய ஆளு, அவனுக்கு அப்புறம்."

"இல்ல. அண்ணனுக்கு மொதல்ல. அவன் கத்துறானான்னு பாக்கணும்."

இர்ஃபான் கத்தினான். வேண்டுமென்றே, கூரை இடியும்படி கத்தினான். ரேஷ்மா சிரித்துச் சிரித்துக் கையைத் தானே நீட்டினாள். நானும் சிரித்துக்கொண்டே இரண்டு ஊதா மூடிக் குழாய்களையும் தட்டில் வைத்து, பட்டையிலிருந்து லேபிள்களை உரித்து ஒட்டி, ஓரத்தில் என் இனிஷியலைக் கிறுக்கினேன். அவ்வளவு சந்தோஷமான ஊசியை நான் அதற்கு முன்பு போட்டதே இல்லை.

இரண்டு நாள் கழித்து எண் வந்தது. நூற்றுக்கு நூறு.

ரேஷ்மாவின் குழாயில் ரேஷ்மாவே இல்லை! எல்லாம் இர்ஃபான்! நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். சோதனையைச் செய்தவள் கோமதி. கலவை ஊர்ப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் எழவில்லை. தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், டி.என்.ஏ. ரொம்ப ஜாஸ்தியா கெடச்சிருக்கு சார்."

"ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானேம்மா?"

"இல்ல சார், அந்தப் பொண்ணுக்கு வெள்ளையணு இன்னும் கம்மியாதான் இருக்குது. இவ்ளோ எங்கருந்து வந்துது?"

வெள்ளையணுவிலிருந்துதான் நமக்கு டி.என்.ஏ. கிடைக்கிறது. அது குறைவாக இருக்கும் பிள்ளையின் குழாயில் டி.என்.ஏ.வும் குறைவாகத்தான் கிடைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்று நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள்: "புது மஜ்ஜை பொங்குதும்மா!"

பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியேறிவிட்டேன்.

ஷமீம் அம்மா என்னைக் கண்டதுமே அழத் தொடங்கினார். நான் வாயையே திறக்கவில்லை. நஸீர் பாய் என்னைத் தூக்கியே விட்டார். தோல் கட்டுகளைத் தூக்கிப் பழகிய கை. டாக்டரம்மாவும் கணினியில் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "வெள்ளையணு மெதுவா ஏறிடும். நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். அடுத்த பரிசோதனை ஆறு வாரம் கழிச்சு" என்றார். ஒரு தாளின் பலத்தில் ஒரு பிள்ளையை ஆறு வாரம் யாரும் பார்க்கப் போவதில்லை என்று முடிவானது. அந்தத் தாள் என் பையிலிருந்து போனது.

மறுநாள் மதியம் பிரியாணி. மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில் அவர்கள் அறை எடுத்திருந்த லாட்ஜின் மொட்டை மாடியில் பாய் விரித்தார்கள். ரேஷ்மாவுக்கு வெளிச் சாப்பாடு ஆகாது. அவள் வார்டு ஜன்னலிலிருந்து அம்மாவின் போனில் எங்களைப் பார்த்துக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணனுக்குப் போதும்! லெக் பீஸ தேக்சாவுல போடு!" கட்டிங் பிரிவுத் தோழர்கள் என் தட்டைக் காலியாக இருக்க விடவில்லை. வெயில், கிராம்பு வாசனை, சிரிப்பு. எனக்குத் தலை கிறுகிறுத்தது. அறுபது வயது நெருங்குகிறவன், எனக்கே தெரியாத உருதுப் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. கோமதி.

"சார், இர்ஃபான் அங்க இருக்கானா?"

"எதிர்லயே இருக்கான்."

"இன்னா பண்றான் சார்?"

"பிரியாணி தின்றான். மூணாவது தட்டு. ஏன்?"

பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஃப்ரிட்ஜுல இருக்கிற அவன் குழாய எடுத்துப் பாத்தேன் சார். அதுல டி.என்.ஏ.வே இல்லாத மாதிரி இருக்குது. மூணு தட்டு துன்றவனுக்கு எப்படி சார் வெள்ளையணு இல்லாமப் போவும்?"

நான் இர்ஃபானைப் பார்த்தேன். அவன் எலும்பைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுடைய ரத்தத்தைச் சோதித்து, அது முழுக்க அவனுடையதுதான் என்று கண்டுபிடித்து, அதற்கு ஊர் கூட்டி விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். நம் சோதனை பிடிக்க முடியாத தப்பு இது ஒன்றுதான். வேறு யாருடைய ரத்தத்தை மாற்றி வைத்திருந்தாலும், இவன் யார் என்று இயந்திரம் கேட்டிருக்கும். கொடுத்தவனின் ரத்தத்தையே வைத்தால் அது கைதட்டி நூறு என்று சொல்லும்.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினேன். ஆய்வகத்தில் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். கோமதி அவருக்கும் சொல்லியிருந்தாள். அன்றைய பதிவேட்டில் ரத்தம் எடுக்கும் பணியில் ஜெயா பெயர் இருந்தது. ஜெயாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"எனக்கு ஞாபகம் இல்ல மேடம்" என்று அவள் விசும்பினாள். "நான் மாத்தி ஒட்ட மாட்டேன் மேடம். பேரக் கேட்டுட்டுதான் ஒட்டுவேன்."

நான் அங்கேயே நின்றேன். சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: எடுத்தது நான். வரவில்லை. என் கையில் இன்னும் நெய் மணத்தது. ஜெயா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கோமதி மேசையிலிருந்த குழாயை விரலால் மெதுவாகத் திருப்பினாள். லேபிளின் ஓரம் என் பக்கம் வந்து நின்றது. என் இனிஷியல். அவள் என்னைப் பார்க்கவில்லை. குழாயை மட்டும் அப்படியே விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"நான்தான் எடுத்தேன் மேடம்" என்றேன். "ஜெயா அப்ப இங்க இல்ல."

நானாகச் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை அதுவல்ல. ஜெயாவிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றாள். பரவாயில்லை என்று சொல்கிறவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் பிறகு நான் ஊசியை எடுக்க வந்தால் அவள் டீ குடிக்கப் போனதில்லை.

அடுத்து நான்கு மாடி. டாக்டரம்மா, "நானும் வர்றேன், ஆனா நீங்கதான் சொல்லணும்" என்றார். அன்று லிஃப்டில் போனேன். அவ்வளவு மெதுவாக அது எந்நாளும் ஏறியதில்லை. ஆனாலும் எனக்கு வேகமாகத்தான் இருந்தது.

நஸீர் பாய் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க சார், சாப்பாட்ட பாதில வுட்டுட்டு எங்க ஓடிட்டீங்க?" என்றார். சொன்னேன். இரண்டு குழாய், ஒரு லேபிள் பட்டை, முதலில் உட்கார்ந்த இர்ஃபானின் குழாயில் பட்டையின் மேலே இருந்த ரேஷ்மா பெயர் ஒட்டப்பட்டது, எல்லாம். அவர் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விடவே இல்லை.

"எங்க கம்பெனில ஒரே டப்பால ரெண்டு வலது கால் போயிடும் சார்" என்றார் கடைசியில். "ஷூ ரெண்டும் நல்ல ஷூதான். ஆனா போட முடியாது." பிறகு, "யார் மாத்துனது?"

"நான்தான் பாய்."

"சரி. அப்போ எம்பொண்ணு ரிப்போர்ட் எங்க?"

"இன்னும் தெரியாது. அவ குழாய இப்பதான் சோதனைக்குப் போட்டிருக்கோம். ரெண்டு நாளாகும்."

ஷமீம் அம்மா, "நீங்க நல்லதுக்குத்தான் வருவீங்க சார்" என்றார். "எங்க எல்லாருக்கும் அது தெரியும். பக்கத்து பெட்டுல ராணிப்பேட்டப் புள்ள ஒண்ணு இருந்துச்சே. அதோட அம்மா தெனம் படிக்கட்டையே பாத்துட்டிருப்பாங்க. நீங்க வரல. வராதப்பவே அவங்களுக்குத் தெரிஞ்சிபோச்சு. டாக்டர் வந்து சொல்றதுக்குள்ள ஒரு நாள் பூரா அவங்க தனியா உக்காந்திருந்தாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா, நடந்ததைச் சொல்வதுபோல. அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. நான் கான்டீனில் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து எண் வந்தது: அறுபத்திரண்டு. இரண்டாவது முறை பார்த்தோம், அதே எண். பிரதியை எடுத்து, மடிக்காமல், கையில் பிடித்துக்கொண்டு படியேறினேன். டாக்டரம்மாவிடம் முதலில் கொடுத்தேன். பிறகு அவரோடு போய் நானே படித்தேன். ஊருக்குப் போகும் பேச்சு நின்றது. டாக்டரம்மா மருந்தின் அளவை மாற்றினார், தேவைப்பட்டால் இர்ஃபானிடம் மறுபடி செல் எடுக்க ஏற்பாடு செய்தார். வாரம் ஒரு பரிசோதனை. ஐம்பத்தைந்து. நாற்பத்தெட்டு. ஒவ்வொன்றையும் நானே கொண்டுபோனேன். நாற்பத்தொன்று வந்த அன்று இர்ஃபான் என்னை வாசலிலேயே மறித்தான். "சார், நான் வேணும்னா இன்னும் ரெண்டு தட்டு ஜாஸ்தியா துன்றேன் சார்" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

முப்பத்தாறு. மறுவாரம் முப்பத்தைந்து. அதற்கடுத்த வாரமும் முப்பத்தைந்து. எண் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கொஞ்சமும் அசையவில்லை. வேடிக்கை என்னவென்றால், ரேஷ்மாவின் ஹீமோகுளோபின் ஏறிக்கொண்டிருந்தது! ரத்தம் ஏற்றியே ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது!

இப்படியும் நடக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லியிருந்ததைப் படித்திருக்கிறேன். கண்ணால் பார்ப்பது வேறு. தலசீமியாவில் கொடுத்தவரின் பங்கு முழுதாக இல்லாமல், ஒரு பகுதியாக நிலைத்து நின்றாலே சில பேருக்குப் போதுமாக இருக்கிறது. இதை நஸீர் பாய்க்கு விளக்கப் பத்து நிமிடம் தடுமாறினேன். மஜ்ஜையில் மூன்றில் ஒரு பங்குதான் இர்ஃபானுடையது, மீதி ரேஷ்மாவின் பழைய செல்கள்தான். ஆனால் அவை செய்கிற சிவப்பணுக்கள் வெளியே வருவதற்குள்ளேயே அழிந்துவிடும் என்றேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இருங்க சார். மூணு லைன் ஓடுது. ரெண்டு லைன் சரக்கு செக்கிங்லயே ரிஜெக்ட் ஆயிடுது. அப்போ கடைக்குப் போறது எல்லாமே அந்த ஒரு லைன் ஷூதான். அதானே?"

"அதேதான் பாய்!"

"இத மொதல்லயே சொல்லிருக்கலாமே! எங்க கம்பெனியே அப்டிதான் ஓடுது!"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

ஆனாலும் விருந்து வேண்டாம் என்று ஷமீம் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு வருடம் போகட்டும். அந்த ஒரு வருடமும் ரேஷ்மா என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோதெல்லாம் ஜெயா பக்கத்தில் நிற்க, நான் ஒவ்வொரு குழாயிலும் லேபிளை ரேஷ்மாவின் கண்ணெதிரே ஒட்டி அவள் கையில் கொடுப்பேன். அவள் தன் பெயரை உரக்கப் படிக்க வேண்டும். படித்த பிறகுதான் குழாய் தட்டுக்குப் போகும். இன்று நம் ஆய்வகத்தில் நீங்கள் எல்லாரும் செய்வது இதைத்தான். ஏன் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டியவன் நான்தான், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ஒரு வருடப் பரிசோதனையின் எண் வந்தது, நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு. கோமதியிடம் டி.என்.ஏ. எவ்வளவு கிடைத்தது என்று கேட்டேன். "சரியா இருக்குது சார்" என்றாள். "நானும் பாத்துட்டேன், ஜெயா அக்காவையும் பாக்கச் சொன்னேன்." டாக்டரம்மா பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் பிரதியை எடுத்துக்கொண்டு புறநோயாளிப் பிரிவுக்கு நடந்தேன்.

நால்வரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரேஷ்மாவுக்கு முடி அடர்த்தியாக வளர்ந்திருந்தது. இர்ஃபான் அதைப் பின்னால் இருந்து இழுத்துக்கொண்டிருந்தான். ஷமீம் அம்மா என் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"முன்னெல்லாம் நீங்க வந்தாலே தெரிஞ்சிடும் சார்" என்றார். "இப்ப எல்லாத்துக்கும் வர்றீங்க. மூஞ்சப் பாத்தா ஒண்ணுமே தெரியல. படிங்க."

என் வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். படிக்க வாயைத் திறந்தேன். நஸீர் பாய் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இருங்க சார். மொதல்ல பேரு." தாளை ரேஷ்மாவிடம் கொடுத்தார். "படி."

அவள் விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் படித்தாள். அப்பா பெயர், வயது, ஊர், மருத்துவமனை எண், ஒன்றையும் விடவில்லை. இர்ஃபான் அவள் தோளுக்கு மேல் குனிந்து ஒவ்வொன்றுக்கும் "கரெக்டு" போட்டான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்றவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். பிறகு அவள் விரல் கீழே இறங்கியது.

"முப்பத்தாறு" என்றாள். "ஒண்ணு ஏறியிருக்கு!"

"நாந்தான் ஏறிட்டேன்!" என்று இர்ஃபான் கத்தினான், அன்று ஊசிக்குக் கத்தியதுபோலவே, கூரை இடியும்படி. நஸீர் பாய் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தார்.

"டேய், தேக்சாவ அடுப்புல ஏத்துடா! ஆமா, பேரெல்லாம் பாத்தாச்சு. ரெண்டு தடவ பாத்தாச்சு!"